சனியைத் தாண்டி வந்தவள்

அயன்பொட்டலில் யாரைக் கேட்டாலும் கார்த்தியாயினி வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்றுதான் சொல்வார்கள், அதில் மட்டும் ஊருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்கப்புறம் நடந்ததில் எது முன்னால், எது பின்னால், எதனால் எது என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "தங்கபுஷ்பத்தக் கேளுங்க, அவ மில்லுலதான இருந்தா" என்று கைகாட்டிவிடுவார்கள். தங்கபுஷ்பத்தைக் கேட்டாலோ, அவள் மாவு படிந்த புருவத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "எனக்கும் சரியா வெளங்கலதான்" என்பாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாவு மில் வைத்திருந்தாள் தங்கபுஷ்பம். அவள் புருஷன் தவமணி பஹ்ரைனில் ஏசி வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளாக வந்து போவான், மற்ற நாளெல்லாம் குரலாக மட்டும் வருவான். அவனுக்கு டீ குடிக்க விடுகிற நேரத்தில் தினமும் போன் அடிக்கும். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பாள். மில்லு ஓடுதா என்பான், ஓடுது என்பாள். வேற என்ன விசேஷம் என்பான், ஒண்ணுமில்ல என்பாள். அவளும் அதையே திருப்பிக் கேட்க, அவனும் அதையே திருப்பிச் சொல்ல, பதினோரு வருஷமாக அந்தக் கல்யாணம் இந்த நாலு வார்த்தையில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை கிடையாது. சண்டையும் கிடையாது.

அந்த வருஷம் திருநெல்வேலியில் இருந்த ஒரு சின்ன வானொலி நிலையம் வியாழக்கிழமைதோறும் ஒரு நாடகம் போட்டது. 'சனியைத் தாண்டி ஒரு கதவு' என்று பெயர். சனிக்கிரகத்தைத் தாண்டிப் போகிற ஒரு விண்கப்பல், அதில் வாரத்துக்கு ஒருவராகப் பயணிகள் காணாமல் போகிறார்கள், ரத்தம் இல்லை, பிணம் இல்லை, போட்டிருந்த உடுப்பு மட்டும் மடித்து வைத்தது மாதிரி கிடக்கிறது, அதைத் துப்புத் துலக்குகிறவள் கப்பலின் பொறியாளர் கார்த்தியாயினி. முதலில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் கேட்டார்கள், அப்புறம் கோமதிநாயகத்தின் டீக்கடை கேட்டது, அப்புறம் ஊரே கேட்டது. சனியின் பெயரை வாயால் சொல்லப் பயந்தவர்கள் 'அந்த நாடகம்' என்றார்கள். கப்பலில் மிச்சமிருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று சனிக்கிழமை எள் விளக்குப் போட்டவர்களும் உண்டு.

நாடக நேரத்துக்குத் தங்கபுஷ்பம் மில்லை நிறுத்திவிடுவாள். அன்றைக்கும் நிறுத்தியிருந்தாள். தூக்குவாளியும் பையுமாகப் பெண்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்க, ரேடியோவில் கார்த்தியாயினி கப்பலின் கடைசிக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். "யார் உள்ளே இருந்தாலும் பதில் சொல்லுங்கள்" என்றாள். கதவு கிறீச்சென்று திறந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, ரேடியோ கெட்டுவிட்டதோ என்று ஒருத்தி எழுந்து தட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அப்புறம் பல்பொடி விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிவதற்குள் மிளகாய் அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத இடத்தில், யாரோ தும்மினார்கள்.

"மன்னிக்க வேண்டும்" என்றது குரல். "இங்கே காற்றில் ஏதோ கலந்திருக்கிறது."

"மிளகா வத்தல்மா" என்றாள் அரிசி திரிக்க வந்திருந்த இசக்கியம்மாள். "நீ கார்த்தியாயினிதான?"

"ஆமாம். இது எந்தத் தளம்?"

"இது மில்லு" என்றாள் தங்கபுஷ்பம். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "உக்காருங்க" என்று பெஞ்சில் ஓரமாக இடம் ஒதுக்கினாள்.

உடம்பு இல்லாமல் வந்திருக்கிறாளே என்று அங்கே யாரும் வாய் பிளக்கவில்லை. ரேடியோவில் மட்டும் அவளுக்கு உடம்பு இருந்ததா என்ன. எப்படி இருந்தாளோ அப்படியே வந்திருக்கிறாள். ஊரைக் குழப்பியது வேறு. அவளை யார் வீட்டு ஆளாக வைத்துக்கொள்வது, எங்கே படுக்க வைப்பது, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் குழப்பம். எந்த ஊரு, யாரு மக என்று கேட்டதற்குத் தான் செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பிறந்ததாகச் சொன்னாள். டீக்கடையில் அதைப் பற்றி ரொம்ப நேரம் பேச்சு ஓடியது.

"செவ்வாயில பொறந்து சனியத் தாண்டி வந்திருக்கா" என்றார் கோமதிநாயகம். "ராகுவும் கேதுவும்தான் பாக்கி. இவளுக்கு எந்தக் கோயில்லன்னு பரிகாரம் பண்ண."

எந்தப் பரிகாரமும் பண்ணாமலே அவள் ஊரில் ஒட்டிக்கொண்டாள். மில்லிலேயே தங்கினாள். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு வாசலுக்குப் போய்விடுவாள், மல்லி வறுத்துக் கொண்டுவருகிற அன்றைக்கு உள்ளே வந்து, "இந்த வாசனை கப்பலில் கிடையாது" என்று ஏக்கமாகச் சொல்வாள். திரிக்க ஒன்றும் இல்லாத வீடுகளிலிருந்தும் அரைப்படி கேப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குக் கேட்டார்கள். போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கும் என்று ஒருவர் கேட்க, கார்த்தியாயினி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தனக்கு வியாழனின் நிலாக்களில்தான் பழக்கம் என்றாள். யாராவது அவள்மேல் உட்கார்ந்துவிட்டால், "நான் இங்கே இருக்கிறேன்" என்பாள், உட்கார்ந்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துகொள்வார்கள். அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மைக்கில் அறிவிப்புச் சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள்; பொங்கல் வைப்பவர்கள் கிழக்குப் பக்கமாக வரவும் என்று அவள் சொன்னது, கப்பல் திசை திருப்புகிற மாதிரி அவ்வளவு கம்பீரமாக இருந்ததால், மேற்கே பொங்கல் வைத்திருந்தவர்களும் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு கிழக்கே போனார்கள்.

நாள் ஆக ஆக அவள் பேச்சும் மாறியது. இருக்கிறது என்பது இருக்கு ஆனது. வருகிறேன் என்பது வாரேன் ஆனது. தங்கபுஷ்பத்தை அக்கா என்றாள்.

தங்கபுஷ்பத்துக்கு அது புதிதாக இருந்தது. அவள் வீட்டில் இத்தனை வருஷமும் குரல் ஒன்று வந்து போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தக் குரல் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காது. இந்தக் குரல் நின்றது. "நேத்து ஏன் சாப்பிடல?" என்று கேட்டது. "மில்லுக் கல்லக் கொத்துற அன்னைக்கு உங்களுக்கு முதுகு வலிக்குதோ?" என்று கேட்டது. ஒருநாள், "அவர் வேற என்ன விசேஷம்னு கேக்கும்போது நீங்க ஏன் ஒண்ணுமில்லன்னு சொல்லுதீங்க?" என்றும் கேட்டது. தங்கபுஷ்பம் சல்லடையைத் தட்டிக்கொண்டே யோசித்துப் பார்த்தாள். "என்னத்தச் சொல்ல" என்றாள். சொல்லிவிட்டு, அது பதில் இல்லை என்று அவளுக்கே தோன்றியது.

இப்படி ஒரு குரல் தன் மில்லில் குடியிருப்பதையும் அவள் தவமணியிடம் சொல்லவில்லை. வெயிலில் வேலை பார்க்கிறவன், இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அங்கே கிடந்து கவலைப்படுவான்.

இதற்கிடையில் ரேடியோவில் நாடகம் நின்றபாடில்லை. அதுதான் பெரிய இம்சையாகப் போனது. கார்த்தியாயினி இங்கே மல்லி வாசனை பிடித்துக்கொண்டிருக்க, அங்கே கப்பலில் அவளைக் காணவில்லை என்று தேடினார்கள்; அடுத்த வாரம், அவள் ஓடிப்போய்விட்டாள் என்றார்கள்; அதற்கடுத்த வாரம் கேப்டன் எல்லோரையும் கூட்டி, காணாமல் போன பயணிகளைக் கதவு வழியாகத் தள்ளிவிட்டவளே கார்த்தியாயினிதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். "நான் இங்கதான் இருக்கேன், நான் யாரையும் தள்ளல" என்று அவள் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். கேப்டனுக்குக் கேட்கவில்லை. அவள் குரல் முதல்முறையாக நடுங்கியதைப் பெஞ்சில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

ஊர் கொதித்துப் போனது. பொம்பளைப் பிள்ளை நம்மிடம் பத்திரமாக இருக்கிறது, அதன்மேல் கொலைப்பழி போடுகிறான்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். அவளே இங்கே வந்திருக்கிறாள் என்றால், முன்னால் காணாமல் போன மற்றவர்களும் எங்கேயாவது வந்திருக்க வேண்டுமே என்று ஒருவர் ஆரம்பிக்க, அன்றிலிருந்து ஆட்கள் காலி இடத்தைப் பார்த்தாலே ஒரு வணக்கம் போட்டுவைத்தார்கள், குடத்தை இறக்கி வைக்குமுன் "யாரும் இருக்கீகளா" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்பதை நிறுத்த முடியவில்லை.

கடைசியில் தங்கபுஷ்பம் மில்லைப் பூட்டிவிட்டு, கார்த்தியாயினியையும் கூட்டிக்கொண்டு, காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பினாள். இரண்டு பேர் சீட்டில் அவள் ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கண்டக்டர், உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார்.

"உள்ள ஆள் இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

"நான்தான்" என்றது குரல். "நீங்க போன ஸ்டாப்புல ஆள் ஏறுமுன்னே விசில் குடுத்துட்டீங்க."

கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டினார். ஆளுக்குத்தான் டிக்கெட், குரலுக்கு இல்லை என்று பின்னால் ஒருவர் சொல்ல, சீட்டை அடைத்தால் டிக்கெட் உண்டு என்று இன்னொருவர் சொல்ல, பஸ் முழுக்க அந்த வழக்கு திருநெல்வேலி வண்ணார்பேட்டை வரைக்கும் நடந்து, தீர்ப்பு வருவதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

வானொலி நிலையம் ஒரு மாடிவீட்டில் இருந்தது. நாடகத்தை எழுதி நடத்துகிற வரதன் என்பவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட மனிதர், தங்கபுஷ்பம் சொன்னதை எல்லாம் கேட்டார். கார்த்தியாயினி, "வணக்கம் சார்" என்றதும் எழுந்து நின்று, காலியாக இருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார். 

"எம்மேல ஏன் பழி போட்டீங்க?" என்று கேட்டாள் கார்த்தியாயினி.

"நான் போடணும்னு போடலம்மா. கதவத் திறந்ததும் உள்ள யாரு இருக்கான்னு நீதான் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதியிருந்தேன். கதவத் திறக்கிற இடத்துல ரெக்கார்டிங்ல பியூலாவுக்குக் குரல் நின்னு போச்சு. உனக்குக் குரல் குடுத்த பொண்ணு. அன்னைக்குப் போன குரல் இன்னும் வரல, டாக்டர் பாத்துட்டு ஒண்ணும் இல்லேங்காரு. ஆள் இல்லாம நான் என்ன செய்ய. காணாமப் போயிட்டான்னு எழுதினேன். காணாமப் போனா யாராவது காரணம் கேப்பாங்கல்ல. அப்படியே போயிருச்சு."

"அப்போ இவ எங்க ஊருக்கு வந்ததனால அந்தப் பொண்ணுக்குக் குரல் போச்சா" என்றாள் தங்கபுஷ்பம், "இல்ல, குரல் போனதனால இவ எங்க ஊருக்கு வந்தாளா?"

வரதன் கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டார். "தெரியலயேம்மா" என்றார். "உள்ள யாரு இருந்தான்னு எழுதின பக்கத்தயும் நான் இப்போ நம்புறதில்ல."

வரதன் எழுதிக் கொடுத்த விலாசப்படி, பியூலாவின் வீடு பாளையங்கோட்டையில் ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் மெலிந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். யார் என்று உதட்டை அசைத்துக் கேட்டாள், சத்தம் வரவில்லை. தங்கபுஷ்பம் வழி நெடுக ஒரு பெரிய நடிகையை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள், கோபமாகப் பேசவும் தயாராக வந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "உக்காரலாமா?" என்றுதான் கேட்க வந்தது.

உள்ளே இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தரையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. பியூலா அதைக் கை தட்டிக் கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்த்தது, வரவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனது. இத்தனை நாளும் அப்படித்தான் என்று பியூலாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூப்பிடாத அம்மாவை அது வேறு யாரோ என்று வைத்துக்கொண்டுவிட்டது போல.

"பாப்பா பேரு என்ன?" என்று கேட்டாள் கார்த்தியாயினி.

கிண்ணம் கீழே விழுந்தது. பிள்ளை எழுந்து, "ம்மா" என்று ஓடிவந்தது. பியூலாவைத் தாண்டி, தங்கபுஷ்பத்தைத் தாண்டி, சுவருக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஓடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்க ஆள் இல்லை. தூக்கிய கையோடு அது மறுபடி "ம்மா" என்றது. பியூலா இருந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா" என்றாள் கார்த்தியாயினி, ரொம்ப மெதுவாக. "எனக்கு அம்மா யாருன்னு அவர் எழுதல. பிள்ள இருக்கான்னும் எழுதல. கப்பல் எஞ்சினப் பத்தி மட்டும் நெறைய எழுதியிருந்தார். இந்தப் பிள்ள என்னையவா கூப்பிடுது?"

வா, ஊருக்குப் போவோம், நாளைக்கு மல்லி அரைக்கிற நாள் என்று சொல்லத் தங்கபுஷ்பத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் அதைச் சொல்லியிருந்தால் கார்த்தியாயினி வந்துதான் இருப்பாள். அது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் கை இறங்கவில்லை. யாருடைய குரலை யார் வைத்திருக்கிறார்கள், யார் யாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதில் தனக்கு என்ன பாத்தியதை என்று யோசிக்க யோசிக்க, கோவில் தெப்பக்குளத்தில் இறங்கிய மாதிரி எந்தப் படி எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியவில்லை.

"உன்னையத்தான் கூப்பிடுதோ என்னமோ" என்றாள். "எனக்குத் தெரியல தாயி. ஆனா நிக்குதுல்ல."



"சரி அக்கா" என்றது குரல். "நீங்க ஊருக்குப் போயி மில்லத் திறங்க, நான்..." என்று காற்றில் பாதி நின்றது, "கொஞ்சம் இருந்துட்டு வாரேன்" என்ற மிச்சப் பாதி, சுவரோரம் உட்கார்ந்திருந்த பியூலாவின் வாயிலிருந்து வந்தது. பியூலா திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினபடியே அவளிடம் நடந்து போனது.

"யாரு மேடம் நீங்க?" என்று கேட்டாள் பியூலா, பிள்ளையை இறுக்கிக்கொண்டு, கண்ணீர் வழிய. "எனக்கு ஏன் மல்லி வறுத்த வாசனை அடிக்குது?"

தங்கபுஷ்பம் தன் சேலைதான் காரணம் என்று சொன்னாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஊரில் அவளை ஒரு வாரம் குடைந்து எடுத்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பிள்ளையை அடுத்தவள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று இசக்கியம்மாள் மூக்கைச் சிந்தினாள். பெற்றவளுக்குக் குரல் வேண்டாமா என்று கோமதிநாயகம் பரிந்து பேசினார். பெஞ்சின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. வியாழக்கிழமை நாடகத்தில் கார்த்தியாயினி அந்தக் கதவு வழியாகவே கப்பலுக்குத் திரும்பி வந்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேப்டன் கேட்க, அவள், "எனக்கு நினைவில்லை" என்றாள், பழைய ரேடியோத் தமிழில், தெளிவாக. தீப்பெட்டி ஆபீஸில் ஒரு பெண் ரேடியோவை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். கோமதிநாயகம், அது எழுதிக் கொடுத்தது, அவளாகச் சொன்னது இல்லை என்று எல்லோருக்கும் சமாதானம் சொன்னார். அவருக்கே சமாதானமாகவில்லை. எள் விளக்குப் போடுவதை விடுவதா, தொடர்வதா என்று தெரியாமல் சிலர் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் தவமணியின் போன் வந்தது. சாப்பிட்டியா என்றான், சாப்பிட்டேன் என்றாள். மில்லு ஓடுதா என்றான். வேற என்ன விசேஷம் என்றான்.

தங்கபுஷ்பம் எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். தும்மலிலிருந்து ஆரம்பித்து, கொடையில் மைக் பிடித்தது, பஸ்ஸில் நடந்த வழக்கு, தூக்கிய கையோடு நின்ற பிள்ளை, வரும்போது தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதது வரைக்கும் விடாமல் சொன்னாள்.  லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், போகவில்லை.

"புஷ்பம்" என்றான் தவமணி. "அவ எங்க ரூம்ல இருந்தா."

"யாரு?"

"கார்த்தியாயினி. நாங்களும் இங்க போன்ல அந்த நாடகம்தான் கேப்போம். அன்னைக்குக் கதவு திறந்ததும் எங்க ரூமுக்குத்தான் வந்தா. ஏசி சத்தத்தக் கேட்டு எஞ்சின்ல கோளாறுன்னா. ஆறு பேரும் அவகிட்டதான் பேசிக்கிட்டு இருப்போம், ஊர்ல மழ பெஞ்சது, அம்மா செத்தப்போ போக முடியாதது, எல்லாம். இந்தத் தடவ வேல முடிஞ்சதும் ஊரோட வந்துரலாமான்னு இருக்குன்னுகூட அவகிட்டதான் சொன்னேன். நீ என்ன நெனைப்பியோன்னு உன்கிட்ட சொல்லல. போன வாரம் பேசிக்கிட்டே இருந்தவ, கொஞ்சம் இருந்துட்டு வாரேன்னு போயிட்டா."

தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்தாள். தன்னோடு இருந்தபோது அவள் எப்படி அங்கே இருந்தாள், அங்கே இருந்தாளென்றால் பஸ்ஸில் வந்தது யார், இன்னும் எத்தனை ரூமில், எத்தனை மில்லில் அவள் இருந்திருப்பாள் என்று ஒரு கேள்வி இன்னொன்றை இடித்துக்கொண்டு வந்தது.  அரிசியோடு வந்து நின்ற ஒருத்தியைப் பிறகு வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

"உனக்கு வேலைக்கு நேரமாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சுதான்."

"இருக்கட்டும்" என்றாள் தங்கபுஷ்பம். "ஊரோட வரணும்னு அவகிட்ட சொன்னேன்னியே. அப்புறம் என்ன சொன்ன?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.